வீட்டிலேயே செய்யலாம் கேமரா ட்ராலி!

வீடியோ எடுக்கும் ஆர்வம் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை ஒன்று உண்டு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால் படம் ஆடாமல் வரும், ஆனால் உயிரில்லாமல் இருக்கும். கையில் பிடித்துக் கொண்டு நடந்தால் உயிர் வரும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் படம் குதிக்கும். சினிமாவில் மட்டும் கேமரா வழுக்கிக் கொண்டு போவது போல் நகர்கிறதே, அது எப்படி?

விடை ஒன்றும் ரகசியமில்லை. தண்டவாளம் போட்டு, அதன் மேல் சக்கரம் வைத்த பலகையை ஓட்டி, பலகையின் மேல் கேமராவை நிறுத்துகிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு 'டாலி' என்று பெயர். நம் ஊர் படப்பிடிப்புகளில் 'ட்ராலி' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 'இது ட்ராலி ஷாட்' என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள்.

அந்த ட்ராலியை வீட்டில் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் இருப்பது மதுரை அவனியாபுரம். இங்கே கிடைத்த பொருட்களை வைத்து, ஒரு வெல்டிங் பட்டறையின் உதவியோடு நான் செய்த ட்ராலியின் அளவுகளைத் தருகிறேன். செல்போன், ஹேண்டிகேம், சிறிய டிஜிட்டல் கேமரா எதுவாக இருந்தாலும் இது தாங்கும்.

ஜூம் இருக்கும்போது ட்ராலி எதற்கு?

பலர் கேட்கும் கேள்வி இது. ஒரு சின்னக் கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

உங்கள் கேமராவில் இருந்து 2 மீட்டர் தூரத்தில் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால், கேமராவில் இருந்து 6 மீட்டர் தூரத்தில் ஒரு சுவர். நீங்கள் 2 மடங்கு ஜூம் செய்தால் ஆளும் 2 மடங்கு பெரிதாவார், சுவரும் 2 மடங்கு பெரிதாகும். ஒரு போட்டோவை என்லார்ஜ் செய்த மாதிரிதான்.

ஜூம் செய்யாமல் கேமராவையே 1 மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். ஆள் இப்போது 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறார், அதனால் 2 மடங்கு பெரிதாகத் தெரிவார். சுவர் 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அது 1.2 மடங்குதான் பெரிதாகும். ஆள் நம்மை நோக்கி வருகிறார், சுவர் பின்னாலேயே நின்றுவிடுகிறது. இந்த வித்தியாசத்தால்தான் நாமே அந்த இடத்துக்குள் நடந்து போவது போன்ற உணர்வு வருகிறது. பக்கவாட்டில் நகர்த்தினாலும் இப்படித்தான்: அருகில் இருக்கும் தூண் வேகமாக ஓடும், தூரத்தில் இருக்கும் கோபுரம் மெதுவாக நகரும். பஸ் ஜன்னலில் பார்ப்பது போல.

எனவே ஜூம் வேறு, ட்ராலி வேறு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கொஞ்சம் வரலாறு

கேமராவை நகர்த்த வேண்டும் என்ற ஆசை சினிமா பிறந்த உடனேயே வந்துவிட்டது. 1896-இல் லூமியேர் நிறுவனத்தின் கேமராமேன் அலெக்ஸாந்தர் பிரோமியோ, வெனிஸ் நகரில் படகின் மேல் கேமராவை வைத்துப் படம் எடுத்தார். 1914-இல் வெளிவந்த 'கபீரியா' என்ற இத்தாலியப் படத்தில் இயக்குநர் ஜியோவன்னி பாஸ்ட்ரோனே, சக்கரம் வைத்த மேடையில் கேமராவை ஏற்றி பிரம்மாண்டமான செட்டுக்குள் மெதுவாக நகர்த்தினார்.

பணம் இல்லாதவர்கள் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். 1960-இல் வந்த 'பிரெத்லெஸ்' படத்துக்காக கேமராமேன் ராவுல் கூத்தாரை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினார் இயக்குநர் கோதார். 1992-இல் சுமார் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' படத்தை எடுத்த ராபர்ட் ரோட்ரிகஸுக்கும் ட்ராலியாக உதவியது ஒரு சக்கர நாற்காலிதான்.

நம் ஊரும் சளைத்ததல்ல. தமிழ் சினிமாவின் ஆரம்ப கால மேதைகளில் ஒருவரான கே.ராம்நாத், கிரேன் வசதி இல்லாத அந்த நாட்களில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தைப் பயன்படுத்தி கேமராவை உயர்த்தி இறக்கினார் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பிற்காலத்தில், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த மதுரைக்காரர் கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' படத்தின் மூலம் இயக்குநரானார். அதன் பிறகு நம் பக்கத்துத் தெருக்களில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்குக் குறைவே இல்லை.

எங்கள் தெருவிலும் அப்படி மூன்று கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இந்த ட்ராலியை நான் செய்ததே அவர்களுக்காகத்தான். தெருமுனையில் 20 வருடங்களுக்கு மேலாக மல்லிகைப்பூ கட்டும் ஒரு அக்காவைப் பற்றி 8 நிமிடப் படம் எடுக்க நினைத்தார்கள். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அந்தப் பூவைக் கட்டும் விரல்களை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த விஷயம். கூடையில் இருந்து தொடங்கி, விரல்களைத் தாண்டி, முகத்தில் போய் முடிய வேண்டிய ஒரே ஷாட். ட்ராலி வாடகையும் அதைக் கொண்டு வரும் வண்டி வாடகையும் சேர்ந்து அவர்களுடைய மொத்த பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. 'அண்ணே, வேற வழி இருக்கா?' என்று கேட்டார்கள். இருந்தது.

பேரிங் வண்டிதான் அடிப்படை

சின்ன வயதில் பழைய லாரி பேரிங்குகளைப் பலகையில் மாட்டி 'பேரிங் வண்டி' ஓட்டியவர்களுக்கு இந்த ட்ராலியைப் புரிந்து கொள்வது மிகவும் சுலபம். அதே பலகை, அதே பேரிங். இரண்டு வித்தியாசங்கள்தான். ஒன்று, இது தரையில் ஓடாது, குழாயின் மேல் ஓடும். இரண்டு, சக்கரம் குழாயை விட்டு இறங்காமல் இருக்க, இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் சக்கரங்கள் குழாயை அணைத்துப் பிடிக்கும்.

தேவையான பொருட்கள்

- பழைய இன்லைன் ஸ்கேட் 2 ஜோடி. ஒரு ஜோடியில் 8 சக்கரங்கள் இருக்கும், மொத்தம் 16. சக்கரத்தின் விட்டம் சுமார் 70 மி.மீ. ஒவ்வொன்றிலும் 608 எண் பேரிங் இரண்டு இருக்கும். பிள்ளைகள் வளர்ந்ததும் பரணில் போட்ட ஸ்கேட் பல வீடுகளில் கிடக்கும். பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும்.
- 50 மி.மீ. இரும்பு ஆங்கிள், 2 அடி நீளத்தில் 2 துண்டுகள்.
- 4 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம் உள்ள 5 மி.மீ. இரும்புப் பட்டைகள் 4.
- 8 மி.மீ. போல்ட்டு 2 அங்குல நீளத்தில் 16, இரண்டரை அங்குல நீளத்தில் 8.
- எல்லா போல்ட்டுக்கும் நைலான் வளையம் உள்ள லாக் நட்டு. வாஷர் 60.
- 18 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 2 அடி. பிளைவுட் கடையில் வெட்டுத் துண்டாகக் கேளுங்கள், விலை குறையும். கூடவே கையளவு துண்டுகள் 4.
- 1 அங்குல பி.வி.சி. குழாய், 10 அடியில் 2. தடிமனான ரகம் வாங்குங்கள்.
- குழாய்களுக்குக் குறுக்கே போட மரச் சட்டம் 3.

மதுரையில் எனக்கு ஆன செலவு: ஸ்கேட் ரூ.500, இரும்பும் பட்டறைக் கூலியும் ரூ.900, போல்ட்டு நட்டு வகையறா ரூ.350, பிளைவுட் ரூ.350, குழாயும் சட்டமும் ரூ.600. மொத்தம் ரூ.2,700. உங்கள் ஊரில் இது கூடலாம், குறையலாம். வீட்டில் பழைய ஸ்கேட் இருந்தால் அந்த ரூ.500 மிச்சம்.

செய்முறை

1. சக்கரங்களைக் கழற்றுங்கள். ஸ்கேட்டில் இருந்து சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கோடு சேர்த்துத் துணியால் துடையுங்கள. விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுங்கள். 608 பேரிங்கின் உள் துளை 8 மி.மீ. என்பதால் நம் போல்ட்டு அப்படியே நுழையும். சில ஸ்கேட்டுகளில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே 6 மி.மீ. துளை உள்ள குழல் இருக்கும். அதை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு 8 மி.மீ. போல்ட்டு நுழையும் குழல் ஒன்றை வெட்டிப் போடுங்கள்.

2. ஆங்கிளில் துளை போடுங்கள். ஆங்கிளை 'வி' வடிவத்தில், முனை கீழே இருக்கும்படி வைத்துக் கொள்ளுங்கள். வெளி முனையில் இருந்து 37 மி.மீ. தூரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டில், இரண்டு நுனிகளில் இருந்தும் 4 செ.மீ., 13 செ.மீ. தூரங்களில் புள்ளி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 4 துளை, ஒரு ஆங்கிளுக்கு 8 துளை. துளையின் அளவு 8.5 மி.மீ. சென்டர் பஞ்சால் தட்டிவிட்டுத் துளை போட்டால் டிரில் பிட் வழுக்காது. அளவில் மிக முக்கியமானது இந்த 37 மி.மீ. கோடுதான். கோடு நேராக இருந்தால் வண்டி நேராக ஓடும்.

3. போல்ட்டுகளை மாட்டுங்கள். போல்ட்டின் தலை 'வி'யின் உள் பக்கம், சக்கரம் வெளிப் பக்கம். தலையை ஆங்கிளோடு ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் வெளியில் இருந்தே நட்டை இறுக்கலாம், தளர்த்தலாம். வெல்டிங் வைக்கும்போது சக்கரம் மாட்டியிருக்கக் கூடாது. சூட்டில் சக்கரம் உருகிவிடும்.

4. பட்டைகளை வெல்டிங் செய்யுங்கள். 'வி'யின் திறந்த மேல் பக்கத்தில், நுனியில் இருந்து 22 செ.மீ., 38 செ.மீ. இடங்களில் குறுக்காக இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பட்டையின் இரண்டு ஓரங்களும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அங்கே ஒவ்வொரு துளை. பலகையை இந்தத் துளைகளில்தான் மாட்டப் போகிறோம். வில்லாபுரம் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் இந்த இரண்டு வேலைகளையும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள்.

5. சக்கரங்களைப் பூட்டுங்கள். போல்ட்டில் முதலில் 2 வாஷர், பிறகு சக்கரம், பிறகு 1 வாஷர், கடைசியில் லாக் நட்டு. அந்த முதல் 2 வாஷரை விட்டுவிடாதீர்கள். அவைதான் சக்கரம் ஆங்கிளில் உரசாமல் காக்கின்றன. நட்டைச் சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது.

6. பலகையை மாட்டுங்கள். பட்டைக்கும் பலகைக்கும் நடுவே அந்தக் கையளவு பிளைவுட் துண்டுகளைக் கொடுத்து, இரண்டரை அங்குல போல்ட்டால் பூட்டுங்கள். துண்டு இல்லாமல் பூட்டினால் சக்கரத்தின் மேல் விளிம்பு பலகையில் உரசும். இரண்டு ஆங்கிள்களின் முனைகளுக்கும் இடையே 45 செ.மீ. இருக்க வேண்டும். முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் அதே 45. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள்: இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் ஆங்கிள்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன என்று அர்த்தம்.

7. கேமரா ஸ்டாண்டுக்கு இடம் செய்யுங்கள். ஸ்டாண்டை விரித்துப் பலகையில் வைத்து, மூன்று கால்கள் இருக்கும் இடங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். அங்கே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். கால் வழுக்காது. சக்கரத்தின் சின்ன அதிர்வுகளையும் ரப்பர் கொஞ்சம் விழுங்கிவிடும்.

தண்டவாளம்

வண்டியைவிட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த சக்கரம் போட்டாலும் குழாய் வளைந்திருந்தால் படம் வளையும்.

குழாயைக் கடையில் வாங்கும்போதே தரையில் உருட்டிப் பாருங்கள். நேரான குழாய் சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். வாங்கியதைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பி.வி.சி. குழாய் ஒரே மதியத்தில் வளைந்துவிடும். நிழலில், தரையில் படுக்க வைத்தே பாதுகாக்க வேண்டும். படப்பிடிப்பிலும் இடைவேளையின்போது ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள்.

மூன்று மரச் சட்டங்களில் 45 செ.மீ. இடைவெளியில் குழாய் பதியும் அளவுக்குப் பள்ளம் எடுங்கள். இரண்டு ஓரங்களில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சட்டத்தின் அடியில் இருந்து மேல் நோக்கி ஸ்க்ரூ போட்டுக் குழாயைப் பிடிக்க வையுங்கள். குழாயின் மேல் வழியாகக் கிளாம்ப் போடக் கூடாது. சக்கரம் அதில் ஏறி இறங்கும்.

10 அடி போதாது என்றால் குழாய்களை இணைக்கலாம். ஆனால் பிளம்பிங் வேலைக்குப் போடும் சாதாரண கப்ளிங் வேண்டாம். அது வெளிப் பக்கம் புடைத்துக் கொண்டு நிற்கும். குழாய்க்குள் இறுக்கமாக நுழையும்படி 15 செ.மீ. நீள மர உருளை ஒன்றைக் கடைந்து வாங்கி, இரண்டு குழாய்களின் உள்ளேயும் பாதிப் பாதியாகச் செருகுங்கள். இணைப்பு விளிம்பை உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். இடது குழாயின் இணைப்பும் வலது குழாயின் இணைப்பும் நேருக்கு நேர் வரக் கூடாது. ஒன்று இங்கே என்றால் மற்றது 2 அடி தள்ளி இருக்கட்டும். அப்போது 16 சக்கரங்களில் சிலவே ஒரு நேரத்தில் இணைப்பைக் கடக்கும், குலுக்கல் தெரியாது.

டைல்ஸ் தரை, சிமென்ட் தரை என்றால் தண்டவாளத்தை அப்படியே போடலாம். மண் தரையில் சட்டங்களுக்கு நடுவே குழாய் தொய்யும். இரண்டு பக்கமும் பலகையோ செங்கல்லோ வைத்து முட்டுக் கொடுங்கள். கொத்தனார் ரசமட்டத்தை வைத்து நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மட்டம் பார்த்து, தேவையான இடத்தில் ஆப்பு செருகுங்கள். செல்போனில் உள்ள லெவல் ஆப் கூடப் போதும். 1 டிகிரி சாய்வு என்பது 3 மீட்டர் நீளத்தில் 5 செ.மீ. ஏற்றம். அந்த அளவுக்கே வண்டி தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

எல்லாம் முடிந்ததா? ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பலகையின் நடுவில் வையுங்கள். இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் சிந்தவில்லை என்றால் கேமராவை ஏற்றலாம். சிந்தினால் எந்த இடத்தில் சிந்தியது என்று பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

தள்ளுவதும் ஒரு கலை

தள்ளும் ஆள் அவசரப்பட்டால் நல்ல ட்ராலியும் கெட்ட ஷாட்டைத்தான் தரும். சில வழிமுறைகள்:

- எடை கூட்டுங்கள். செல்போன் மட்டும் வைத்த லேசான பலகை சின்னத் தடங்கலுக்கும் துள்ளும். 5 கிலோ மணலைச் சிறு பையில் கட்டி, ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே பலகையில் வையுங்கள். கனமான வண்டி மெதுவாகக் கிளம்பும், மெதுவாக நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான்.
- ஸ்டாண்டைப் பிடித்துத் தள்ளாதீர்கள். பலகையின் விளிம்பைப் பிடித்துத் தள்ளுங்கள். கை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.
- முதல் ஒரு அடி வேகம் எடுப்பதற்கு, கடைசி ஒரு அடி வேகம் குறைப்பதற்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.
- வேகத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 10 அடி குழாயில் 2 அடி பலகை போக, வண்டி நகரும் தூரம் சுமார் 2.4 மீட்டர். நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் 24 நொடி கிடைக்கும். நொடிக்கு 30 செ.மீ. என்றால் 8 நொடிதான். உரையாடலுக்கு முதல் வேகம், ஓட்டத்துக்கு இரண்டாவது வேகம்.
- குழாயை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். எண்ணெயில் மண் ஒட்டிக் கொள்ளும். ஒரு மணல் துகள் போதும், படம் அதிர.

ஆளை வைத்துத் தள்ளுவதற்குப் பதில் மோட்டாரும் வைக்கலாம். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டாரில் 3 செ.மீ. விட்டமுள்ள உருளையை மாட்டி, நூலைச் சுற்றி இழுக்க விட்டால், நொடிக்குச் சுமார் 9 செ.மீ. வேகம் கிடைக்கும். ஆனால் மோட்டார் சத்தம் மைக்கில் விழும். வசனம் இல்லாத காட்சிகளுக்கே அது பொருந்தும்.

கேமரா செட்டிங்குகள்

ட்ராலி சரியாக இருந்தும் படம் கெடுவதற்கு கேமராவே காரணமாகலாம்.

1. போகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக் செய்யுங்கள். லாக் செய்யாவிட்டால் கேமரா நகர நகர வெளிச்சம் கூடிக் குறையும். ஐபோனில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தாலே லாக் ஆகும். ஆண்ட்ராய்டில் புரோ வீடியோ மோடு இல்லாதவர்கள் 'ஓப்பன் கேமரா' என்ற இலவச ஆப்பை நிறுவிக் கொள்ளலாம்.

2. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்யுங்கள். அது கை நடுக்கத்துக்காகச் செய்யப்பட்டது. ட்ராலியின் நகர்வையும் நடுக்கம் என்று நினைத்து எதிர்ப் பக்கம் இழுக்கும். விளைவு, நின்று நின்று குதிக்கும் படம்.

3. ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் அதோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் கோடு ஓடும். நொடிக்கு 25 பிரேம் எடுப்பவர்களுக்கு 50-இல் ஒரு பங்கே மிகவும் பொருத்தம்.

4. ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். நகரும் கேமராவின் மைக்கில் சக்கரத்தின் சத்தமும் விழும். அவனியாபுரத்தில் எங்களுக்கு இன்னொரு தொல்லை: மதுரை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் கடக்கும் நேரம் பார்த்துத்தான் 'ஆக்ஷன்' சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரில் சரி செய்ய முடியாதா?

கொஞ்சம் முடியும், முழுவதும் முடியாது. 'டாவின்சி ரிசால்வ்' சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலேயே ஸ்டெபிலைசேஷன் வசதி இருக்கிறது. கிளிப்பைத் தேர்வு செய்து, இன்ஸ்பெக்டரில் ஸ்டெபிலைசேஷன் பகுதியைத் திறந்தால் பெர்ஸ்பெக்டிவ், சிமிலாரிட்டி, டிரான்ஸ்லேஷன் என்று மூன்று முறைகள் இருக்கும். ட்ராலி ஷாட்டுக்கு டிரான்ஸ்லேஷனில் தொடங்குங்கள். மேலும் கீழுமான சின்ன ஆட்டத்தை அது சரி செய்யும், படத்தை நெளிக்காது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 'கேடென்லைவ்' என்ற இலவச சாஃப்ட்வேரிலும் இதே வசதி உண்டு.

ஆனால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, ஆட்டத்தைச் சரி செய்ய சாஃப்ட்வேர் படத்தின் ஓரங்களை வெட்டும். எனவே எடுக்கும்போதே கொஞ்சம் அகலமாக எடுங்கள். இரண்டு, குலுங்கும் நேரத்தில் மங்கிப் போன பிரேமை எந்த சாஃப்ட்வேராலும் தெளிவாக்க முடியாது. படம் நிலையாக நிற்கும், ஆனால் திடீர் திடீரென்று மங்கும். தண்டவாளத்தில் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், கம்ப்யூட்டர் முன் பாதி நாள் மிச்சமாகும்.

எங்கே பயன்படுத்தக் கூடாது?

கையில் ட்ராலி இருக்கிறது என்பதற்காக எல்லா ஷாட்டையும் நகர்த்தாதீர்கள். கேமரா நகர்ந்தால் பார்ப்பவர் 'ஏதோ தெரியப் போகிறது' என்று எதிர்பார்ப்பார். ஒன்றும் தெரியாவிட்டால் ஏமாந்து போவார். நகர்வின் முடிவில் புதிதாக ஒன்று தெரிய வேண்டும்: ஒரு முகம், ஒரு பொருள், ஒரு இடைவெளி. அப்படி எதுவும் இல்லையென்றால் ஸ்டாண்டே போதும்.

கூட்டம் உள்ள இடங்களில் தண்டவாளம் போடவே வேண்டாம். தை முதல் நாள் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டுக்குக் கேமராவோடு வருபவர்கள் உண்டு. மக்களும் மாடுகளும் ஓடும் இடத்தில் தரையில் கிடக்கும் குழாய் காலை வாரிவிடும். அங்கே தூரத்தில், உயரத்தில் நின்று ஜூம் செய்து எடுப்பதுதான் சரி.

பூ கட்டும் அக்காவின் படத்தில் எட்டு நிமிடத்தில் ஒரே ஒரு ட்ராலி ஷாட்தான். 22 நொடி. அவருடைய வீட்டுத் திண்ணைக்கு முன்னால் தண்டவாளம் போட்டோம். ஒருவர் தள்ள, ஒருவர் போகஸ் பார்க்க, ஒருவர் ஒலிப்பதிவு. கூடையில் தொடங்கி, இரண்டிரண்டாகப் பூவை அடுக்கி முடிச்சுப் போடும் விரல்களைக் கடந்து முகத்துக்கு வந்து நின்றபோதுதான், அவர் கையைப் பார்க்காமலேயே கட்டுகிறார் என்பது தெரிகிறது. நிற்கும் கேமராவில் இது தெரிந்திருக்காது. விரலை மட்டும் எடுத்தால் முகம் இல்லை, முகத்தை மட்டும் எடுத்தால் விரல் இல்லை. எடுத்ததைக் காட்டியபோது, 'நான் இம்புட்டு வேகமாவா கட்டுறேன் தம்பி?' என்று கேட்டார். இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார். அந்த நகர்வுக்கு ஒரு காரணம் இருந்தது.

வாசகர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்கள்

பட்டறைக்குப் போகாமல் செய்ய முடியாதா?
முடியும். வழவழப்பான தரை இருந்தால் ஒரு சக்கர நாற்காலியே போதும். கேமராவோடு உட்கார்ந்து கொள்ளுங்கள், நண்பர் தள்ளட்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வு குறையும். மண் தரைக்கும் மேடு பள்ளத்துக்கும் இது உதவாது.

ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் பள்ளம் உள்ள இரும்புச் சக்கரத்தைப் பயன்படுத்தலாமா?
இரும்புக் கம்பியின் மேல் நன்றாக ஓடும், நெடுநாள் உழைக்கும். ஆனால் இரும்பும் இரும்பும் உரசும் சத்தமும் அதிர்வும் அதிகம். வெளிப்புறக் காட்சிகளுக்குப் பரவாயில்லை.

வளைந்த தண்டவாளத்தில் இது ஓடுமா?
ஓடாது. வளைவில் ஓட வேண்டுமானால் நான்கு மூலைச் சக்கரங்களும் தனித்தனியாகத் திரும்பும்படி அமைக்க வேண்டும். முதலில் நேர் தண்டவாளத்தில் கை பழகட்டும்.

இரண்டு குழாய், ஒரு பலகை, பதினாறு சக்கரம். இதற்கு மேல் வேண்டியது மட்டம் பார்க்கும் பொறுமையும், மெதுவாகத் தள்ளும் ஒரு நண்பரும்தான். வரும் விடுமுறையில் செய்து பாருங்கள். முதல் ஷாட்டை வேறு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். உங்கள் தெருவில் தினமும் நீங்கள் பார்த்துக் கொண்டே கடந்து போகும் யாராவது ஒருவர் அங்கே வேலை செய்து கொண்டிருப்பார். அவரிடம் அனுமதி கேட்டு, அங்கேயே தண்டவாளத்தைப் போடுங்கள்.